குடியுரிமையும் வதனும்: புதிய குடிமகனின் முதற்பயணம்

பிறந்த நாட்டின் குடியுரிமை நீங்கி, வாழும் நாட்டின் குடியுரிமையைப் பெறும் முஸ்லிம்களின் தொகை கடந்த அரை நூற்றாண்டில் பெருகியுள்ளது. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம்மவர்களுக்கு இந்நிலை ஏற்படுவதில்லை. அந்நாடுகள் அயலிலிருந்து வந்த உழைப்பாளர்களுக்குப் பொதுவாகக் குடியுரிமை தருவதில்லையாதலால், முப்பது நாற்பது ஆண்டுகள் அங்கே கழித்தவரும் இந்தியக் கடவுச்சீட்டுடனேயே ஊர் திரும்புகிறார். அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலிய நாடுகளில் குடியேறியோரின் நிலை வேறு. அவர்கள் என்றோ ஒருநாள் உறுதிமொழி எடுத்துப் புதிய குடிமக்கள் ஆகின்றனர். பெரும்பாலும் அடுத்த சில மாதங்களிலேயே பெற்றோரைக் காணப் பிறந்த ஊருக்குப் பயணமாகின்றனர். அம்முதற்பயணத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எந்த ஆவணத்தைக் கொண்டு பயணம் செய்வது என்பது ஒன்று. சொந்த ஊரின் பள்ளிவாசலில் நின்று எத்தனை ரக்அத் தொழுவது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு அரசுகளின் சட்டம் விடை தருகிறது. இரண்டாவதற்கு ஃபிக்ஹ் விடை தருகிறது. இவ்விரு விடைகளும் ஒரே அளவுகோலால் அமைந்தவையல்ல என்பதையே நாம் இங்கு விளக்க முற்படுகிறோம்.

இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்று குடிமகனானவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலோ, ஆங்கிலத்திலும் அமெரிக்க வரலாற்றிலும் நடத்தப்படும் தேர்வில் தேறிய நாளிலோ ஒருவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிடுவதில்லை. உறுதிமொழி எடுக்கும் கணத்திலேயே ஆகிறார். அந்த விழாவிலேயே அவரது நிரந்தர வதிவிட அட்டை, அதாவது கிரீன் கார்டு, திரும்பப் பெறப்பட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் கையளிக்கப்படுகிறது. ஆனால் இச்சான்றிதழைக் காட்டி விமானம் ஏற இயலாது. அமெரிக்கக் கடவுச்சீட்டுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அவ்விண்ணப்பத்துடன் சான்றிதழின் மூலப்படியையே இணைத்து அனுப்ப வேண்டும். ஆகவே சில வாரங்கள் சான்றிதழும் கையில் இராது, கடவுச்சீட்டும் வந்திராது.

பழைய இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறதே என்று எண்ணுவோர் உளர். இது ஆபத்தான எண்ணம். இந்திய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரவில்லை. பிற நாட்டுக் குடியுரிமையை ஒருவர் தாமே விரும்பி ஏற்ற கணத்தில், எவ்வித விண்ணப்பமும் அறிவிப்பும் இன்றியே அவரது இந்தியக் குடியுரிமை முடிவுற்றுவிடுகிறது. கடவுச்சீட்டில் இன்னும் ஐந்தாண்டு காலம் எஞ்சியிருப்பதாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது செல்லாது; அதனைப் பயன்படுத்திப் பயணம் செய்தல் குற்றம். அதனை ஒப்படைத்து, ஒப்படைத்தமைக்கான சான்று பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஆக, உறுதிமொழி எடுத்த அன்று மாலை அம்மனிதர் ஒரு நாட்டின் முழுமையான குடிமகன். ஆயினும் எல்லை கடப்பதற்குரிய தாள் ஒன்றும் அவரிடம் இல்லை. அந்த இடைவெளியில் தாயார் மரணப்படுக்கையில் இருப்பதாக ஊரிலிருந்து செய்தி வந்தால் என்ன செய்வது? இது கற்பனையான ஐயமன்று. குடியுரிமை பெறும் வயதில் இருப்போரின் பெற்றோர் பெரும்பாலும் முதுமை எய்தியவர்கள். நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய் ஆகியவற்றுக்காக அமெரிக்கக் கடவுச்சீட்டு அலுவலகங்கள், முன்னதாக நேரம் பெற்று நேரில் வருவோருக்கு விரைந்து கடவுச்சீட்டு வழங்குகின்றன. அது கிடைத்த பின்னரே அதன் எண்ணைக் கொண்டு இந்திய விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கோ வாரங்கள் பல ஆகும்; அவசரத்துக்கு அதனை நம்பலாகாது. ஜனாஸாவோ காத்திருப்பதில்லை. அடக்கத்தை விரைவுபடுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்க, மகன் வரும்வரை மையித்தைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கும் வழக்கம் நம் ஊர்களில் வளர்ந்து வருவதை நாம் ஏற்க இயலவில்லை. எட்டி வர இயலாத மகனுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு அனுமதி உண்டு. ஹனஃபீ மத்ஹபில் அது இல்லை, துஆவும் தர்மமுமே உண்டு. பெற்றோரின் உடல்நிலை கவலைக்கிடமாக இருப்பின், உறுதிமொழி நாளைத் தள்ளிவைக்குமாறு முறைப்படி கேட்டுக்கொண்டு, கிரீன் கார்டு கையில் இருக்கும்போதே ஊர் சென்று வருவது அறிவுடைமை.

பெயர் பற்றியும் ஒரு சொல். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடையே அருகியது. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்வதே வழக்கு. அமெரிக்க ஆவணங்களில் இது பெருங்குழப்பம் விளைவிப்பதால், குடியுரிமை பெறும்போது பலர் பெயரைத் திருத்திக்கொள்கின்றனர். அவ்வாறு செய்தோர் பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கான ஆவணத்தைப் பேணி வைத்தல் வேண்டும்; ஓ.சி.ஐ. பெறும்போது அது கேட்கப்படும். அந்த அட்டை பெற்றவர் விசாவின்றி வந்து போகலாம். எனினும் வாக்குரிமை இல்லை, விளைநிலம் வாங்கும் உரிமை இல்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான அறிவிக்கையின்படி, தப்லீக் பணியில் ஈடுபடவும் அவர் தனி அனுமதி பெற வேண்டும். ஊரில் இருக்கும்போது மூன்று நாள் ஜமாஅத்தில் புறப்படுவதைப் பழக்கமாகக் கொண்டிருந்தவர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். அதற்கு முன், குடியுரிமை மாற்றமே ஆகாது என்று கூறும் பழைய ஃபத்வாக்களை எடுத்துக்காட்டுவோருக்கு ஒரு விளக்கம். அவற்றுள் புகழ்பெற்றவை பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த வட ஆப்பிரிக்காவில் எழுந்தவை. அல்ஜீரியாவில் 1865ஆம் ஆண்டின் ஆணைப்படி, பிரெஞ்சுக் குடிமகனாக விரும்பும் முஸ்லிம் திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் ஷரீஅத் சட்டத்தைக் கைவிட வேண்டியிருந்தது. துனீசியாவில் 1923ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை மாற்றத்தை எளிதாக்கியபோது, அது மக்களின் மார்க்க அடையாளத்தைக் கரைக்கும் முயற்சி என்றே கொள்ளப்பட்டது. அவ்வாறு மாறியவர்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க விடாமல் 1930களின் தொடக்கத்தில் மக்கள் தடுத்தனர், பெருங்கிளர்ச்சி மூண்டது. அங்கு எதிர்க்கப்பட்டது ஷரீஅத்தைத் துறப்பதே. இன்றைய அமெரிக்க உறுதிமொழி முந்தைய அரசின்பால் உள்ள விசுவாசத்தை விடுமாறு கோருகிறது. மார்க்கத்தை விடுமாறு கோரவில்லை. அந்த ஃபத்வாக்களை அவற்றின் காரணத்தினின்று பிரித்தெடுத்து இங்குப் பொருத்துவது ஃபிக்ஹின் முறையாகாது.

தொழுகைக்கு வருவோம். பயணி நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம் என்பது யாவரும் அறிந்தது. ஹனஃபீகளிடத்தில் அவ்வாறு சுருக்குவது கட்டாயமும் ஆகும். வதனை, அதாவது தன் சொந்த ஊரை அடைந்ததும் ஒருவரின் பயணம் முடிந்துவிடுகிறது. முழுமையாகத் தொழ வேண்டும். அப்படியாயின் கீழக்கரையிலோ மேலப்பாளையத்திலோ பிறந்து, இன்று அமெரிக்கக் குடிமகனாகி, பத்து நாள் விடுப்பில் வந்திறங்கும் ஒருவருக்கு அவ்வூர் இன்னும் வதன்தானா?

கடவுச்சீட்டின் நிறம் மாறியதால் வதன் மாறுவதில்லை. குடியுரிமை பெறாமலே மாறலாம், பெற்றும் மாறாதிருக்கலாம். ஹனஃபீ நூல்கள் வதனை மூன்றாகப் பிரிக்கின்றன. பிறந்து வளர்ந்த, அல்லது மனைவி மக்களோடு நிலையாக வாழும் இடம் வதன் அஸ்லீ. பதினைந்து நாட்களோ கூடுதலாகவோ தங்கும் எண்ணத்துடன் இருக்குமிடம் வதன் இகாமா. அதனினும் குறைவாகத் தங்குமிடம் வதன் சுக்னா. வதன் அஸ்லீயை மற்றொரு வதன் அஸ்லீ மட்டுமே நீக்கும். பயணமோ, தற்காலிகத் தங்கலோ நீக்காது. குடும்பத்தையும் அழைத்துச் சென்று, இனி இதுவே நம் இடம் என்று ஒருவர் மற்றோரிடத்தில் நிலைத்துவிட்டால் பழைய ஊர் வதன் என்ற நிலையை இழக்கிறது.

இதற்குச் சான்றாக ஹிதாயா ஆசிரியர் மர்ஃகீனானீ (ரஹ்) காட்டுவது நபி (ஸல்) அவர்களையே. ஹிஜ்ரத்துக்குப் பின் மக்காவில் அவர்கள் தம்மைப் பயணியாகவே கணக்கிட்டார்கள். ஹிஜ்ரீ 8இல் மக்கா வெற்றியின்போது அங்கே தங்கிய நாட்களை இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) 18 இரவுகள் என்றும், இப்னு அப்பாஸ் (ரலி) 19 நாட்கள் என்றும் அறிவிக்கின்றனர். அந்நாட்களில் இரண்டிரண்டு ரக்அத்களே தொழுதார்கள். எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அகீல் தமக்கு வீடு எதையும் விட்டுவைக்கவில்லை என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். பிறந்த நகரம், மிகவும் நேசித்த நகரம், இப்போது தம் அதிகாரத்தின் கீழ் வந்துவிட்ட நகரமும்கூட. ஆயினும் தொழுகையில் அவர்கள் அங்கே பயணி.

தமிழகக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம் இதனினும் வியப்புக்குரியது. சென்ற இடத்தில், வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணம் கொண்டவர் பயணியல்லர் என்பது அம்மத்ஹப். இந்த நான்கு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? ஹஜ் கிரியைகளை முடித்த முஹாஜிர்கள் மக்காவில் மூன்று நாட்கள் மட்டும் தங்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததிலிருந்து. மூன்று நாள் வரை தங்குவது குடியிருத்தல் ஆகாது என்று அதிலிருந்து இமாம்கள் விளங்கினர். காரியம் எந்நாள் முடியுமென்று தெரியாமல் காத்திருப்பவர் 18 நாட்கள் வரை சுருக்கலாம் என்னும் சட்டமும் மக்கா வெற்றி நாட்களிலிருந்தே பெறப்பட்டது. ஆக, இன்று உலகெங்கும் ஷாஃபிஈ பயணிகள் கொள்ளும் இவ்விரு எல்லைகளும், பிறந்த ஊருக்கு விருந்தினராக வந்தவர்களின் தங்கலை வைத்து வகுக்கப்பட்டவையே. உறவினரும் சொத்தும் அங்கிருப்பது மட்டும் ஓர் ஊரை வதனாக்கிவிடாது என்பதற்கும் ஷாஃபிஈ அறிஞர்கள் முஹாஜிர்களையே ஆதாரம் காட்டுகின்றனர்.

பொருளீட்டச் சென்ற நம்மவரை முஹாஜிர்களின் தரத்தில் வைத்துப் பேசுவது மிகை. ஹிஜ்ரத் செய்து வெளியேறிய மண்ணில் மரணம் நேர்ந்துவிடுமோ என்று ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அஞ்சினார்கள். நம்மவர்களோ ஊர் மையவாடியில் தாய் தந்தையர் அருகே இடம் கிடைக்காதா என்று ஏங்குகின்றனர். ஒப்புமை சட்டத்தின் தருக்கத்தில் மட்டுமே.

நடைமுறையில் ஐயம் எழும் இடம், ஊரில் வீடும் தோப்பும் வைத்துக்கொண்டிருப்போரின் நிலை. குடும்பத்தை அழைத்துச் சென்றுவிட்டவருக்கு எஞ்சிய வீடும் நிலமும் பழைய ஊரை வதனாக நிலைக்கச் செய்யுமா என்பதில் ஹனஃபீ அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓய்வுபெற்றதும் ஊரோடு வந்துவிடுவேன் என்னும் உறுதியான எண்ணத்துடன் வீட்டைப் பேணுபவர் முழுமையாகத் தொழுவதே பேணுதல் என நாம் கருதுகிறோம். விற்கும் விலைக்காகக் காத்திருக்கும் பூட்டிய வீட்டுக்கு அந்த மதிப்பைத் தர இயலவில்லை. மனைவி ஊரிலேயே இருக்க, கணவர் மட்டும் அங்கே குடியுரிமை பெற்றிருப்பின் இந்த ஆய்வுக்கே தேவையில்லை. அவருக்கு ஊர் வதன்தான். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ அது என்றும் வதனாக இருந்ததில்லை. ஒரே வீட்டில் பாட்டனார் நான்கும் பேரன் இரண்டும் தொழுவதில் முரண் ஏதும் இல்லை.

ஜமாஅத்தில் ஊர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது பயணியும் நான்கு ரக்அத்களை முழுமையாக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவரை மரியாதைக்காக இமாமத் செய்யச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பயணியாக இருக்கும் அவர் லுஹரில் இரண்டாம் ரக்அத்தோடு ஸலாம் கொடுத்துவிட்டு, தாம் பயணி என்பதைச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கும் ஊரார் எழுந்து எஞ்சியதை நிறைவு செய்ய வேண்டும். மக்கா வாசிகள் அவ்வாறே செய்தனர். தொழுகை தொடங்குமுன்பே இதனை அறிவித்துவிடுவது நல்லது. இல்லையேல் இமாம் மறந்துவிட்டார் என்று பின்வரிசையிலிருந்து தஸ்பீஹ் கேட்கும்.