ஒன்றியக் கவுன்சிலர் எம்.பி. ஆக எத்தனை ஆண்டு?

கரூர் எம்.பி. ஜோதிமணி, க.பரமத்தி ஊராட்சி ஒன்றியத்தில் கவுன்சிலர் ஆனது 1996இல். மக்களவைக்குள் நுழைந்தது 2019இல். நடுவே 23 ஆண்டுகள். உள்ளாட்சியில் திறமை காட்டும் பெண்கள் ஏன் அதற்கு மேல் போவதில்லை என்று கேட்பவர்கள் இந்த 23 ஆண்டுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானது. அதன்படி தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்தல் 1996இல்தான். அதில் வென்ற பல்லாயிரம் பெண்களில் ஜோதிமணியும் ஒருவர்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும் நிற்கலாம். ஆகவே கிராமத்துப் பெண் ஒருத்தி கட்சியிடம் போய் ‘எனக்கு சீட் வேண்டும்’ என்று கேட்கும் முதல் இடம் ஒன்றியம்தான். சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் என்று வாதாடிக் கற்பதோடு, கட்சிக்குள் தன் பெயரை நிலைநிறுத்தவும் அங்கே கற்றுக்கொள்கிறாள்.

2006 வரை கவுன்சிலராக இருந்த ஜோதிமணிக்கு அதன்பின் வந்த காலம்தான் கடினமானது. இளைஞர் காங்கிரஸில் தேசியப் பொறுப்பு வரை உயர்ந்தார். 2011இல் கரூர் சட்டமன்றத் தொகுதியில் தோற்றார். 2014 மக்களவைத் தேர்தலில் கிடைத்தவை சுமார் 30,000 வாக்குகள், டெபாசிட்டும் போனது. 2016இல் அரவக்குறிச்சியில் நிற்க விரும்பினார். கூட்டணிப் பங்கீட்டில் அது தி.மு.க.வுக்குப் போனது. 2019இல் அதே தி.மு.க. கூட்டணியின் வேட்பாளராக நின்று, அப்போதைய மக்களவைத் துணைத் தலைவர் தம்பிதுரையை 4,20,546 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024இல் மறுபடியும் வெற்றி. 2014க்கும் 2019க்கும் இடையே ஆளும் உழைப்பும் அதேதான், 2014இல் இல்லாத கூட்டணி 2019இல் இருந்தது.

கேரளத்தின் ரம்யா ஹரிதாஸுக்கு இந்தப் பாதை குறுகியதாக அமைந்தது. கோழிக்கோடு மாவட்டத்தின் குன்னமங்கலம் வட்டார ஊராட்சித் தலைவராக இருந்தவர், 2019இல் ஆலத்தூர் தனித்தொகுதியில் நிறுத்தப்பட்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார், 2024இல் தோற்றார். கட்சி நம்பி ஒரு தொகுதியைக் கொடுத்தால், வட்டார ஊராட்சித் தலைவரான நான்கே ஆண்டில் மக்களவைக்குப் போய்விட முடிகிறது.

ஆனால் அந்த நம்பிக்கை அரிது. உள்ளாட்சியில் ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். பெண்களுக்கான வார்டு பொது வார்டானதும், ஐந்தாண்டோ பத்தாண்டோ உழைத்தவரை விட்டுவிட்டுக் கட்சிகள் ஆணைத் தேடுகின்றன. தமிழ்நாட்டில் உள்ளாட்சி ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. எனினும் 2024இல் மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் வென்ற பெண்கள் 5 பேர். நாடு முழுவதும் 543இல் 74 பேர்.

இன்னொரு தடை பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மீதி 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி மக்கள் பிரதிநிதிகளின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தலே நடக்காத ஆண்டுகளில் புதிய பெண் தலைவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தரும் 106ஆவது திருத்தம் 2023இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது செயல்படும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பெண்களுக்கு சீட் கொடுக்க எந்தக் கட்சியும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர்களிடம், உங்கள் ஒன்றியத்தில் நன்றாக வேலை செய்த பெண் கவுன்சிலருக்கு ஏன் சீட் தரவில்லை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.