கட்டை நீங்கிய ஆர்மோனியமும் மேசைச் சுருதிக் கருவியும்

கருநாடக இசை பயில்வோர் தம் குரலளவைக் குறிக்குமிடத்து ‘ஒரு கட்டை’, ‘இரண்டரைக் கட்டை’, ‘ஐந்து கட்டை’ எனக் கூறுவர். ஈண்டுக் கட்டை என்பது ஆர்மோனியத்தில் விரலால் அழுத்தப்படும் மரத்துண்டாகும். மேனாட்டார் ‘சி’ எனப் பெயரிட்ட சுரம் ஒரு கட்டை. ‘டி’ இரண்டு கட்டை. ‘ஜி’ ஐந்து கட்டை. இடையிலுள்ள கருங்கட்டைகள் ஒன்றரை, இரண்டரை முதலிய பெயர்களைப் பெறும். கட்டை ஒன்றேனும் இல்லாத சுருதிப்பெட்டியும் இன்றுவரை இக்கட்டைக் கணக்கினாலேயே விற்கப்படுகின்றமை நோக்கத்தக்கது. கருவியிலிருந்து கட்டைகள் கழற்றப்பட்டன. அளவு மாத்திரம் மொழியில் நின்றுவிட்டது.

விசைப்பலகைக் கருவி எதுவாயினும் அஃது இரு பகுதிகளால் ஆயது. ஒன்று ஒலியைப் பிறப்பிப்பது. மற்றையது எவ்வொலி வேண்டும் என்று விரலின் விருப்பத்தை அதற்கு அறிவிப்பது. பின்னையது பழுதுற்றால் முன்னையதும் அழிந்ததென்று கொள்ளுதல் பொருந்தாது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய இலத்திரனியல் விசைப்பலகைகள் பல, மானிப்பாய் போன்ற ஊர்களில் வீட்டு அலுமாரியின்மேலும் பாடசாலைக் களஞ்சியத்திலும் கிடக்கின்றன. கட்டைகள் சில பேசாமையே அவற்றுட் பலவற்றின் குறை. அவற்றைக் கட்டையில்லாச் சிறு மேசைக் கருவியாக மாற்றுதல் கூடும். அம்மாற்றத்துக்கு நம் நாடுகளிலேயே முன்மாதிரியும் உண்டு.

பாரிசு நகரில் டெபேன் என்பார் 1842இல் உரிமம் பெற்ற ஆர்மோனியம், கதிரையில் அமர்ந்து காலால் துருத்தி மிதித்து இருகையாலும் வாசிக்கப்படுவது. நம்மவர் நிலத்தில் அமர்ந்து பாடுபவர். காலுக்கு அங்கே வேலையில்லை. நம் இசையிற் பல சுரங்களை ஒருங்கே அடுக்கும் முறையும் இல்லாமையால் வாசிப்பதற்கு ஒரு கையே போதும். இவ்விரண்டையும் கண்டு, கால்களை நீக்கித் துருத்தியைப் பின்புறம் அமைத்து, மற்றைக் கைக்கு அதனை ஒப்படைத்த பெருமை கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகநாத் கோசுக்கு உரியதென்பர். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் இசை நாடக மேடை வரை அப்பெட்டி வந்து சேர்ந்தது. கமகத்துக்கு இடந்தராதது என்ற குற்றச்சாட்டினால் 1940இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. 1971இலேயே அத்தடை தளர்ந்தது. ஆயின் வேறு சிலர் இதற்குள் அடுத்த படிக்குச் சென்றிருந்தனர். சுருதிக்கு வேண்டுவன ஆதார சட்சமும் பஞ்சமமுமே. அவற்றுக்குக் கமகம் வேண்டுவதில்லை. எனவே கட்டைகளை முற்றாக அகற்றி, நாக்குகளையும் துருத்தியையும் வைத்துக்கொண்டனர். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவாரின் இடத்தை இச்சிறு பெட்டி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

இலத்திரனியற் கருவிகளிலும் இதுவே நிகழ்ந்தது. 1983இல் அமெரிக்க நிறுவனமாகிய சீக்குவென்சியல் சேர்க்கிற்சின் கருவியும் யப்பானிய நிறுவனமாகிய றோலண்டின் கருவியும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றை வாசிக்க மற்றையதும் ஒலித்தது. அப்பொது மொழிக்கு ‘மிடி’ என்று பெயர். (தமிழில் மிடி வறுமையைக் குறிக்கும், இதுவோ ஒரு கட்டைப் பலகையால் ஒன்பது கருவிகளை ஆளவல்ல செல்வம்.) அதன்பின் கட்டைப் பலகை ஒலிக்கருவியோடு ஒட்டியிருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. யமாகா நிறுவனம் 1983இல் வெளியிட்ட 61 கட்டைகளுள்ள டி.எக்ஸ். 7 என்பதனை, 1985இல் டி.எக்ஸுக்குப் பதில் ‘ரி.எக்ஸ். 7’ என்ற பெயரில், கட்டையின்றி மேசைமேல் வைக்கும் பெட்டியாகத் தானே வெளியிட்டது.

இனிப் பழுதை அறியும் வகை. 61 கட்டைகளுக்கு 61 தனிக் கம்பிகள் செல்வதில்லை. எட்டு நிரையும் எட்டு நிரலுமாகக் கம்பிகளைப் பின்னினால் 64 சந்திகள் உண்டாகும். 16 கம்பிகளே போதும். ஆகவே ஒரு கட்டை மாத்திரம் ஊமையாயின், அதன் கீழுள்ள இறப்பரின் கரிப்பூச்சு தேய்ந்தது அல்லது அழுக்கேறியது எனலாம். அற்ககோல் தோய்த்த பஞ்சினால் துடைக்கப் பெரும்பாலும் குணமாகும். அடுத்தடுத்த எட்டுக் கட்டைகளோ, எட்டுக்கு ஒன்றாகப் பலகை முழுவதிலுமோ ஒலி நின்றால், ஒரு கம்பி முழுதும் அறுந்ததென்பது துணிபு. உப்புக்காற்றும் எறும்பும் உள்ள குடாநாட்டில் இது புதுமையன்று. இவ்வாறு பல கம்பிகள் கெட்டிருப்பினும், மாதிரிப் பாட்டுக்குரிய பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும். பாட்டு முறையாக ஒலிப்பின் ஒலிப்பகுதி உயிரோடிருக்கின்றது. பாட்டும் ஒலியாவிடின் இக்கட்டுரையிற் கூறும் மாற்றத்தால் பயனில்லை.

மாற்றும் வழிகள் இரண்டு. அழுத்தத்தின் வேகத்தை உணராத பழைய கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தொடுகையே உண்டு. சட்சம், பஞ்சமம், மேற்சட்சம் ஆகிய மூன்று கட்டைகளின் தொடுகை முனைகளுக்கு மூன்று சிறு ஆளிகளை இணைத்துவிட்டால், ஆளியை இட்டவுடன் கட்டையை அழுத்திப் பிடித்த நிலை உண்டாகும். வேகமுணரும் கருவியிலோ ஒவ்வொரு கட்டைக்கும் இரு தொடுகைகள். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் காலவிடையே விசையின் அளவாகக் கொள்ளப்படும். அங்கு ஆளி எளிதில் உதவாது. ஐந்துமுனை மிடி வாயில் இருப்பின், நுண்கட்டுப்படுத்திச் சில்லு ஒன்றினால் எண்களை அனுப்பலாம். 192, 20 என்பது 1991இன் பொதுவொழுங்கின்படி நாக்கு ஆர்கன் ஒலியைத் தெரிவு செய்யும். அஃது ஆர்மோனியத்தின் நெருங்கிய உறவு. 144, 60, 100 என்றால் ஒரு கட்டைச் சட்சம் ஒலிக்கத் தொடங்கும். நிறுத்தும் கட்டளை வராதவரை அச்சுரம் நில்லாது ஒலிக்கும். ஏனையோர் இதனைத் ‘தொங்கிய சுரம்’ என்று பழுதாகக் கருதுவர். சுருதிக்கு வேண்டுவதோ அதுவே.

பலகை நீங்கியபின் எஞ்சுவது மிகச் சிறியது. மூன்றடிக் கருவியின் மின்சுற்று, ஒலிபெருக்கியோடு ஓரடிப் பலாமரப் பெட்டியில் அடங்கும். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை இடுதல் நலம். மின் செருகியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: சில கருவிகளில் நடுமுனை நேர், சிலவற்றில் எதிர், மாறிச் செருகினால் நல்ல பாகமும் கெடும். 230 வோற்று மின்மாற்றி உள்ளேயே அமைந்த கருவியைப் பயிற்சியற்றோர் திறத்தலாகாது. 9 அல்லது 12 வோற்றில் இயங்குவன பற்றறியிலும் இயங்கும். 1990களில் மின்சாரமும் பற்றறியும் இன்றிச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெட்டி பேசத் தொடங்கிய பின்னரும் ஒரு குறை எஞ்சும். அதுவே கட்டைப் பலகை விட்டுச் சென்ற சுவடு. மேனாட்டுக் கருவிகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமகூறாக்கியவை. சட்சத்துக்கு 3:2 என நிற்கவேண்டிய பஞ்சமம் அவற்றில் ஓர் அரைச்சுரத்தின் நூற்றில் இரண்டு பங்களவு தாழ்ந்திருக்கும். ஒரு கட்டைச் சுருதியில் இது செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு முறை மெல்லலையாகக் காதிற்படும். பஞ்சமத்தை இரண்டாம் அலைவரிசையில் வைத்து, சுரவளைவை நடுவெண்ணாகிய 8192இலிருந்து 80 கூட்டி 8272 ஆக்கினால், அதாவது 225, 80, 64 என்று அனுப்பினால், அவ்வலை அடங்கும். வளைவின் எல்லை இருபுறமும் இரண்டு அரைச்சுரமாக இருக்குங்கால் இக்கணக்குச் சரி. எல்லை வேறாயின் எண்ணும் மாறும். சட்சத்தையும் பஞ்சமத்தையும் ஒரே அலைவரிசையில் வைத்தாற் பயனில்லை; இரண்டும் சேர்ந்தே உயரும்.

தம்புராவின் தந்தி எழுப்பும் விரிந்த நாதம் இப்பெட்டியில் வாராது. வேகமுணரும் நல்ல கட்டைகள் கொண்டு, சிறு செலவில் திருந்தக்கூடிய கருவியை இதற்காகக் கழற்றுதலும் தகாது. அதனை வாசிப்பதற்கு ஒரு மாணவர் இருப்பார். நாற்பது கட்டைகள் ஊமையாகி மாதிரிப் பாட்டை மட்டும் குறைவறப் பாடிக்கொண்டிருக்கும் கருவியே இதற்கு உரியது.