பொத்தான் கண் அன்னை

குழந்தைகள் அச்சத்தை விரும்புவார்களா? விரும்பமாட்டார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் பேய்க் கதை சொல்லும்படி பாட்டியை நச்சரிப்பதும் குழந்தைதான். கதை பாதி வருமுன்னே போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வதும் அதே குழந்தைதான். பாட்டி கதையை நிறுத்திவிட்டாலோ, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்ற குரல் போர்வைக்குள்ளிருந்தே எழும்.

இந்த விந்தையை விளங்கிக்கொள்ள ஒரு படம் நமக்குத் துணை செய்கிறது. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'கோரலைன்' என்னும் பொம்மைப் படமே அது. இருளும் திகிலும் நிறைந்த அப்படம், 15 ஆண்டு நிறைவையொட்டி 2024 ஆகஸ்டில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். சிரிக்கவைக்கும் எத்தனையோ சித்திரப் படங்கள் மறக்கப்பட்டுவிட, நடுங்கவைக்கும் இந்தப் படம் மட்டும் நெஞ்சில் நிலைத்துவிட்டது ஏன்? பெற்றோர்களாகிய நாம் சிந்திக்கவேண்டிய கேள்வி இது.

ஆங்கில எழுத்தாளர் நீல் கேமன் 2002இல் வெளியிட்ட சிறுவர் நூலைத் தழுவி, ஹென்றி செலிக் என்பவர் இப்படத்தை இயக்கினார். ஆரிகன் மாநிலத்திலுள்ள லைக்கா என்னும் படக்கூடத்தில் இது உருவாயிற்று. பொம்மையை மயிரிழை அளவு அசைத்து ஒரு படம் பிடிப்பார்கள்; மீண்டும் சற்றே அசைத்து இன்னொரு படம். திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 படங்கள் தேவை. 100 நிமிடப் படத்திற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! கையால் செய்யப்பட்ட பொருள்களுக்கே உரிய ஒரு மெய்ம்மை இப்படத்தில் இருக்கிறது. அதனாலேயே அதிலுள்ள அச்சமும் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது.

கதை இதுதான். கோரலைன் என்னும் சிறுமி, மிச்சிகன் மாநிலத்தை விட்டுப் பெற்றோருடன் ஆரிகனில் உள்ள ஒரு பழைய வீட்டிற்குக் குடிவருகிறாள். புதிய ஊர், தோழியர் இல்லை, ஓயாத மழை. தாயும் தந்தையும் தோட்டக்கலை பற்றிய ஏடு ஒன்றை எழுதி முடிக்கும் அவசரத்தில் இருக்கிறார்கள். மகள் அருகில் வந்தால் தாய்க்கு நேரமில்லை. தந்தையோ, வீட்டிலுள்ள கதவுகளையும் சன்னல்களையும் எண்ணி எழுதிவா என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அயலார்க்கு அவள் பெயர்கூடச் சரியாக வாயில் நுழைவதில்லை. கரோலைன் என்றே அழைக்கிறார்கள்.

அந்த வீட்டில் சுவர்த்தாளால் மூடப்பட்ட ஒரு சிறிய கதவு இருக்கிறது. பகலில் திறந்தால் செங்கல் சுவர். இரவில் திறந்தாலோ நீண்ட குகைவழி. அதன் மறுமுனையில் அதே வீடு! ஆனால் அங்கே விளக்குகள் ஒளிர்கின்றன. அடுப்பில் கோழி வறுபடுகிறது. தாயைப் போலவே ஒருத்தி புன்முறுவலுடன் நின்று, "நான் உன் மற்றொரு தாய்" என்கிறாள். கேட்ட உணவு கிடைக்கிறது. தோட்டம் சிறுமியின் முகத்தைப் போலவே பூத்திருக்கிறது. அவள் பெயரை எல்லாரும் பிழையின்றிச் சொல்கிறார்கள். ஒன்றுதான் நெருடுகிறது. அங்குள்ள அனைவருக்கும் கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பொத்தான்கள்.

விலை பிறகுதான் தெரியவருகிறது. அழகிய பெட்டி ஒன்று மேசைமேல் வைக்கப்படுகிறது. உள்ளே இரண்டு பொத்தான்கள், ஊசி, நூல். 'கண்களைக் கொடுத்துவிட்டால் என்றென்றும் இங்கேயே இருக்கலாம்!' முன்னர் அவ்வாறு இணங்கிய மூன்று குழந்தைகளின் ஆவிகள், கண்ணிழந்து, தங்கள் பெயரையும் மறந்து, அங்கே அடைபட்டுக் கிடக்கின்றன. பெற்றோரும் அந்தச் சூனியக்காரியின் கையில் சிக்கிவிட, சிறுமி அவர்களை மீட்கத் தன்னந்தனியே மீண்டும் அந்தக் கதவினுள் நுழைகிறாள். அச்சம் அவளை விட்டு அகலவில்லை, அஞ்சிக்கொண்டே செல்கிறாள். இறுதியில் பெற்றோரையும் மீட்கிறாள். அந்த மூன்று ஆன்மாக்களுக்கும் விடுதலை தருகிறாள்.

இத்தகைய கதை குழந்தைகளை ஏன் ஈர்க்கிறது? ஆங்கிலக் கத்தோலிக்க எழுத்தாளர் செஸ்டர்டன் இதற்கு முன்னரே விடை கண்டார். 1909இல் வெளியான தம் கட்டுரைத் தொகுதியில் அவர் காட்டும் உண்மை இது: குழந்தையின் உள்ளத்தில் பூதத்தைக் கதை புகுத்துவதில்லை, பூதம் உண்டென்று குழந்தை முன்னமே அறியும். பூதத்தைக் கொல்ல ஒரு வீரர் உண்டு என்பதையே கதை புதிதாகக் கற்பிக்கிறது. புனித ஜார்ஜியாரைக் கண்ட பிறகு பறவை நாகம் அத்தனை பெரிதாகத் தோன்றுவதில்லை. கேமனின் நூல் இந்தச் செஸ்டர்டனின் கருத்தைத் தன் முகப்பில் தாங்கியே வெளிவந்தது. குழந்தை இருட்டைத் தேடிப் போவதாக நமக்குத் தோன்றலாம். உண்மையில் இருட்டைக் கடந்துவந்த ஒருவரைத்தான் அது தேடுகிறது.

ஆனால் இப்படத்தின் ஆழம் அதற்கும் அப்பால் உள்ளது. இங்கே தீமை கோரைப்பல்லுடன் வரவில்லை. தாயின் முகத்துடன், சுவையான உணவுடன், இனிய சொல்லுடன் வருகிறது. சாத்தான் ஒளியின் தூதனாக வேடமிடுவான் என்று கொரிந்தியருக்கு எழுதிய திருமுகத்தில் புனித சின்னப்பர் எச்சரித்தது இதைத்தானே? பசாசு நம்மிடம் முதலில் எதையும் கேட்பதில்லை, கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கேட்பது கண்களை. நன்மை தீமையைப் பகுத்தறியும் பார்வையைப் பறிகொடுத்தவனுக்குப் பிறகு இழக்க என்ன இருக்கிறது?

லொயோலா புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் ஆவிகளைப் பகுத்துணரும் விதிகளை வகுத்துள்ளார். நல்ல தந்தையின் மகளை மயக்க வரும் வஞ்சகனுக்குப் பகைவனை ஒப்பிடுகிறார். தன் இனிய சொற்கள் இரகசியமாக இருக்கவேண்டும் என்பதே வஞ்சகனின் விருப்பம். மகள் அனைத்தையும் தந்தையிடம் சொல்லிவிட்டால் அவன் சூழ்ச்சி அத்துடன் முறிந்துவிடும். ஆதலால் சோதனையை மறைக்காமல் ஆன்ம குருவிடமோ, விவரமறிந்த நல்லவரிடமோ வெளிப்படுத்துமாறு அவர் அறிவுறுத்துகிறார்.

இந்த விதியை மனத்திற்கொண்டு படத்தின் ஒரு சிறு காட்சியைப் பாருங்கள். முதல் இரவின் மறுநாட் காலையில் கோரலைன் தான் கண்டதைத் தாயிடம் சொல்லத்தான் செய்கிறாள். மற்றொரு தாய், பொத்தான் கண்கள், வறுத்த கோழி, எல்லாவற்றையும் சொல்கிறாள். தாயோ வேலையிலிருந்து மனத்தைத் திருப்பாமல், 'அது வெறும் கனவு. கீழ் வீட்டில் இருக்கும் நடிகையரிடம் போய்ச் சொல், அவர்கள் கேட்பார்கள்' என்ற பொருள்பட அனுப்பிவிடுகிறாள். மகள் மறைக்கவில்லை, தாய்தான் செவிமடுக்கவில்லை. படம் முழுவதிலும் என்னை மிகவும் அச்சுறுத்திய காட்சி இதுதான்.

அந்தத் தாய் கெட்டவள் அல்லள். சாலை விபத்தில் அடிபட்ட கழுத்தில் பட்டையுடன், கெடுவுக்குள் வேலையை முடித்தால்தான் குடும்பம் நிமிரும் என்ற கவலையுடன் உழைப்பவள். மகள் விரும்பிய வண்ணக் கையுறைகளைக் கடையில் வாங்கித்தர மறுத்தவள். ஆனால் வேலை நல்லபடியாக முடிந்ததும், அந்தக் கையுறைகள் பொதியாகச் சிறுமியின் படுக்கையில் இருக்கின்றன. மற்றொரு தாய் வாரி வழங்கிய விருந்துகளுக்கெல்லாம் விலை இருந்தது. இந்தக் கையுறைகளுக்கு விலையில்லை. மெய்யான அன்பு களைத்திருக்கும், சினந்துகொள்ளும், மறந்தும் போகும்; ஆயினும் குழந்தையின் கண்களை அது ஒருபோதும் கேட்பதில்லை. இதைத் தானே கண்டுணர்ந்து சிறுமி வீடு திரும்புகிறாள்.

இருண்ட படங்களைக் கண்டு திருச்சபை மருண்டதில்லை. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், இரத்தம் குடிக்கும் பேயைப் பற்றிய 'நொஸ்ஃபெராட்டு' (1922) என்னும் ஜெர்மானியப் படமும், டிஸ்னியின் 'ஃபாண்டேசியா' (1940) என்னும் சித்திரப் படமும் இடம்பெற்றன. பின்னதில் மலையுச்சியில் பசாசு எழுந்து பேய்களை ஆட்டிவைக்கும். ஆலய மணி ஒலித்ததும் அடங்கிச் சுருளும். விளக்கேந்திய பவனியும் மரியன்னையைப் போற்றும் கீதமும் தொடரும். இருளை இருளென்றே காட்டி, அதற்கு ஓர் எல்லை உண்டென்றும் காட்டும் கலை நமக்குப் பகையன்று.

ஆயினும் சில எச்சரிக்கைகள் தேவை. 'கோரலைன்' பச்சிளம் குழந்தைகளுக்கு உரியதன்று. ஊசி பற்றிய காட்சிகள் அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கும். தேயிலைத் தூளில் குறி பார்க்கும் பகுதி வேடிக்கையாகவே வருகிறது. குறி பார்ப்பது நம் விசுவாசத்திற்கு ஒவ்வாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். முதிய நடிகையரின் மேடைக் காட்சி ஒன்று நம் இல்லங்களுக்கு ஏற்றதன்று. இறைவேண்டல் என்பதே படத்தில் இல்லை. அந்தக் குறையைப் பெற்றோர்தாம் தம் சொல்லால் நிரப்பவேண்டும். சற்று வளர்ந்த பிள்ளைகளுடன், பெற்றோரும் அருகில் அமர்ந்து, படம் முடிந்ததும் விளக்கேற்றிப் பேசக்கூடுமானால் பார்க்கலாம். தனியறையில், தனிக் கருவியில், தனியாகப் பார்க்க விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர்களே, இன்று நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறிய கதவு இருக்கிறது. அதன் மறுபுறத்தில் அவர்கள் பெயரைப் பிழையின்றிச் சொல்லி அழைப்பவர்களும், கேட்டதெல்லாம் கொடுப்பவர்களும் காத்திருக்கிறார்கள். கதவைச் செங்கல்லால் அடைத்துவிட நம்மால் இயலாது. ஆனால் பிள்ளை மறுநாட் காலையில் வந்து, "அம்மா, நேற்றிரவு நான் ஒன்று கண்டேன்" என்று சொல்லத் தொடங்கும்போது, கையிலுள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டு அருகில் அமர நம்மால் இயலும். முழுவதையும் கேளுங்கள். கீழ் வீட்டிற்கு அனுப்பிவிடாதீர்கள்.