பட்டா இல்லாத குட்டையில் பயோஃபிளாக் எப்படி வரும்?

கல்வராயன் மலையில் மீன் வளர்ப்பு ஏன் பரவவில்லை என்று கேட்டால், "அவங்களுக்குப் புதுசு எதுவும் ஏறாது" என்று சமவெளியில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளிமலையிலும் சுற்றுப்பட்டுச் சிற்றூர்களிலும் மரவள்ளி போடும் மலையாளிப் பழங்குடி விவசாயியிடம் பேசிப் பாருங்கள். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் நிற்கும், சேகோ ஆலை அதற்கு என்ன விலை போடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காசு வரும் என்று தெரிந்தால் கற்றுக்கொள்ளாத விவசாயி எந்த ஊரிலும் கிடையாது. இங்கே வழியை மறித்து நிற்பது காகிதம்.

2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு மானியம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60. ஒரு ஹெக்டேரில் புதுக் குளம் வெட்ட 7 லட்சம் ரூபாய் மதிப்பீடு. தொட்டியில் நுண்ணுயிர்களைக் கொண்டு மீன் வளர்க்கும் முறைதான் பயோஃபிளாக்; ஏழு தொட்டி வைத்த சிறிய அமைப்புக்கு ஏழரை லட்சம். இந்தத் தொட்டி அமைப்புக்குப் பழங்குடி விவசாயி தன் பங்காக 3 லட்சம் போட்டால் போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் மானியம் வேலை நடந்த பிறகுதான் கைக்கு வரும். அதுவரைக்குமான பணத்தை யாரிடம் புரட்டுவது? வங்கி பட்டா கேட்கிறது. திட்டத்துக்கும் நில ஆவணமோ நீண்டகாலக் குத்தகைப் பத்திரமோ வேண்டும்.

ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை இது. அந்தப் பிடி முழுதாக விட்டதே 1976-இல்தான். தாத்தா காலத்திலிருந்து உழுகிற நிலம் இன்னமும் பலருக்கு வருவாய்க் கணக்கில் அவர்கள் பெயரில் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. வாரிசுக்குப் போகும், விற்கவோ கைமாற்றவோ முடியாது. பழங்குடி நிலத்தைக் காக்கும் நல்ல விதிதான். ஆனால், விற்க முடியாத நிலத்தை எந்த வங்கி அடமானமாக ஏற்கும்? அதே சட்டம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமை எழுதச் சொல்கிறது. அப்படி எழுதிக் கொடுத்திருந்தால், குட்டைக்குத் தவிடும் புண்ணாக்கும் போடுகிற பெண்ணே மானியத்துக்கு மனுப் போடலாம்.

பயோஃபிளாக்குக்குத் தேவையான சரக்கும் மலையிலேயே விளைகிறது. தொட்டியில் சேரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் புரதமாக்க மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும். மொலாசஸ் ஊற்றுவார்கள்; மரவள்ளி மாவும் அந்த வேலையைச் செய்யும். கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு, மேலே கிழங்கு. இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

மின்சாரம்தான் பயமுறுத்துகிறது. காற்றூட்டும் ஏரேட்டர் இரவு பகலாக ஓட வேண்டும். சில மணி நேரம் நின்றாலும் மீன் செத்து மிதக்கும். பெருமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மலையூருக்கு எப்போது கரண்ட் திரும்பும்? கடன் வாங்கித் தொட்டி போட்டவருக்கு ஒரே ராத்திரியில் மூன்று லட்சமும் போய்விடும். அதை எண்ணிப் பார்த்து ஒதுங்குகிறவரைப் பழமைவாதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்குட்டையில் கட்லா, ரோகு விட்டால் வருமானம் குறைவு. குளிர் மாதங்களில் வளர்ச்சியும் மந்தம். ஆனாலும் கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்ற நிலை இல்லை.

பயிற்சி போதவில்லை என்று சொல்பவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. மீனவர்களுக்கும் மீன் வளர்ப்போருக்கும் 2018-19 முதல் கிசான் கடன் அட்டை வந்துவிட்டதே, 2 லட்சம் வரை அடமானமே வேண்டாமே என்றும் கேட்பார்கள். அந்த அட்டைக்கும் குளம் உங்களுடையதா, குத்தகையா என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

ஆகவே பயிற்சி முகாம் போடுவதற்கு முன்னால் கிராமசபையைக் கூட்டி வன உரிமை மனுக்களை முடித்துக் கொடுங்கள். மலைவாழ் மக்களுக்காவது மானியத்தில் ஒரு பங்கை முன்பணமாகத் தாருங்கள். மீன்குஞ்சு அதற்குப் பிறகு வரட்டும்.