மருந்துவாழ்மலையில் இருந்து இறங்கியவர்

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் வழியில் பொற்றையடி என்றொரு ஊர் வரும். அங்கே இறங்கினால் எதிரே நிற்பது மருந்துவாழ்மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உடைந்து விழுந்த துண்டு இது என்று எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சொல்வார்கள். மூலிகைக்குப் பேர்போன மலை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் போய்ப் பாருங்கள், முதுகுப் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக இளைஞர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் தனியாக வந்தவர்களைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். கூட்டமாக வந்தவர்கள் பாறைக்குப் பாறை நின்று படம் எடுப்பார்கள். தனியாக வந்தவர் எங்கும் நிற்காமல் ஏறிப் போவார்.

மேலே பிள்ளைத்தடம் என்று ஒரு குகை இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே வெயில் ஏறிய பிறகும் பாறை குளிர்ந்து கிடக்கிறது. கையை ஊன்றி உட்கார்ந்தால் உள்ளங்கை வழியாக அந்தக் குளிர் ஏறும். வாசலுக்கு வந்து நின்றால் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல். நான் முதல்முறை அங்கே உட்கார்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. வேலையும் பிடிக்காமல், வீடும் பிடிக்காமல், யாரிடமும் சொல்லாமல் திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்தில் பஸ் ஏறி வந்திருந்தேன். எனக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் அதே திருவனந்தபுரத்துப் பக்கத்தில் இருந்து வந்து, இதே குகையில் தவம் இருந்தவர் நாணு என்ற இளைஞர். பிற்பாடு உலகம் அவரை நாராயண குரு என்று அழைத்தது.

நாணு பிறந்தது 1856ஆம் ஆண்டு, செம்பழந்தியில். இன்று திருவனந்தபுரம் நகரம் வளர்ந்து அந்த ஊரைத் தொட்டுவிட்டது. ஸ்ரீகாரியம் தாண்டினால் செம்பழந்திதான். அவர் பிறந்த வயல்வாரம் வீட்டை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மண் சுவர், ஓலைக் கூரை. அப்பா மாடன் ஆசான், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர். அம்மா குட்டியம்மாள். மாமா கிருஷ்ணன் வைத்தியர் பெயர் பெற்ற ஆயுர்வேத வைத்தியர். ஈழவர் குடும்பம். படிப்பும் வைத்தியமும் இருந்த வீடுதான், ஆனாலும் அந்தக் காலத் திருவிதாங்கூரில் பெரிய கோயில்களைச் சுற்றிய தெருவில் கூட அவர்கள் நடக்க முடியாது. சர்க்கார் உத்தியோகம் நினைத்துப் பார்க்கவும் முடியாது. திருவனந்தபுரம் பேட்டையில் ஈழவராகப் பிறந்த டாக்டர் பல்புவுக்கு, வைத்தியம் படித்துத் தேறிய பிறகும் சொந்த சமஸ்தானத்தில் வேலை கிடைக்காமல் மைசூருக்குப் போய்த்தான் பிழைக்க நேர்ந்தது.

நாணுவுக்கு இருபது கடந்தபோது காயங்குளம் பக்கத்துப் புதுப்பள்ளிக்கு சமஸ்கிருதம் படிக்க அனுப்பினார்கள். வாரணப்பள்ளி வீட்டில் தங்கி, கும்மம்பள்ளி ராமன் பிள்ளை ஆசானிடம் பாடம் கேட்டார். உடம்புக்கு முடியாமல் போய் ஊர் திரும்பினார். பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடத்தினார், நாணு ஆசான் ஆனார். வீட்டார் கல்யாணமும் செய்துவைத்தார்கள். அன்றைய வழக்கப்படி மாப்பிள்ளையின் சகோதரிகளே போய்ப் புடவை கொடுத்துப் பெண்ணை அழைத்து வந்தார்கள். பெண்ணின் பெயர் காளியம்மாள். நாணு அந்த வீட்டில் தங்கவில்லை.

இந்த இடத்தை நாராயண குருவின் வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. புதுப் பெண்ணாக வந்து ஏறிய வீட்டில், புருஷன் எப்போது வருவார் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எந்த மலையும் இல்லை, எந்தக் குகையும் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்புவது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்த வசதி. துறவியரின் கதைகளை நாம் கொண்டாடும்போது காளியம்மாளின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டை விட்டார், சரி. உடனே காட்டுக்கு ஓடிவிட்டாரா என்றால் இல்லை. அவர் முதலில் போய்ச் சேர்ந்தது ஒரு நண்பரிடம். செம்பழந்திக்குப் பக்கத்தில் அணியூர்க் கோயிலில் இருவரும் சந்தித்தார்கள் என்பது மரபு. அந்த நண்பரின் பெயர் குஞ்ஞன் பிள்ளை. நாணுவைவிட மூன்று வயது மூத்தவர், கண்ணம்மூலைப் பக்கத்துக் கொல்லூரில் பிறந்த ஏழை நாயர் வீட்டுப் பிள்ளை. பேட்டை ராமன் பிள்ளை ஆசானின் பள்ளியில் மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் சட்டாம்பிள்ளையாக இருந்தவர். அந்தப் பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் சட்டம்பி சுவாமிகள் ஆனார். நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான் அது. சிறுவயதில் வயிற்றுப்பாட்டுக்காக, திருவனந்தபுரத்தில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த ஹஜூர் கச்சேரிக் கட்டடத்துக்கு மண்ணும் கல்லும் சுமந்திருக்கிறார். இன்றைக்கு நாம் தலைமைச் செயலகம் என்று சொல்லும் வெள்ளைக் கட்டடம் அதுதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மந்திரிமார் நினைவு வருவதில்லை, தலையில் சும்மாட்டோடு ஒரு பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

இந்த இருவரில் யார் யாருக்குக் குரு என்று கேரளத்தில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. சாதிச் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. மூன்று வயது வித்தியாசத்தில் இரண்டு இளைஞர்கள், ஒருவர் நாயர், ஒருவர் ஈழவர், சேர்ந்து நடந்து, சேர்ந்து படித்து, கிடைத்ததைச் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் அதுவே பெரிய காரியம். அதற்கு நட்பு என்ற பெயரே போதும்.

குஞ்ஞன் பிள்ளை நாணுவை அழைத்துப்போய் நிறுத்திய இடம் தைக்காடு. அங்கே ஆங்கிலேய ரெசிடென்டின் மாளிகையில் சூப்பிரண்டாக இருந்தவர் சுப்பராயர் என்ற தமிழர். ஊர் அவரை சூப்பிரண்டு அய்யாவு என்றது. யோகம் தெரிந்தவர், குடும்பஸ்தர், அலுவலகம் போய் வருபவர். சட்டம்பி சுவாமிகளும் நாணுவும் அவரிடம் யோகப் பயிற்சி பெற்றார்கள். மனோன்மணீயம் எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்தான். நாராயண குருவுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள் அன்றைய திருவனந்தபுரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சாலைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கிய ஊர் அது. பின்னாளில் அவர் தமிழில் பதிகங்கள் பாடினார், திருக்குறளின் சில பகுதிகளையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்துக்குக் கொண்டுபோனார்.

அய்யாவுவைப் பற்றி எல்லாரும் யோகத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது தைப்பூசத்தன்று அவர் வைத்த பந்தி. எல்லாச் சாதியாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து இலை போட்டார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட புலையர் குடும்பத்தில் பிறந்து, வெங்கானூரில் இருந்து வந்த அய்யன்காளி உட்பட எல்லாரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். தீண்டாமை மட்டுமல்ல, கண்ணில் படுவதே தீட்டு என்றிருந்த சமஸ்தானத்தின் தலைநகரில், ரெசிடென்சி நிழலில் இது நடந்தது. நாணு என்ற இளைஞர் மலைக்குப் போகும் முன்பு பார்த்துவிட்டுப் போன காட்சி இது.

அதன் பிறகுதான் தனிமை. தென் திருவிதாங்கூரின் கடற்கரை ஊர்களில் மீன்பிடிப்பவர் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் கிடைத்ததை வாங்கிச் சாப்பிட்டு அலைந்தார். பிறகு மருந்துவாழ்மலை. காட்டுக் கிழங்கும் இலையும்தான் ஆகாரம். அந்தத் தவக் காலத்தைப் பற்றி வழங்கும் கதைகளில் ஒன்றை நான் மறந்ததே இல்லை. ஒருநாள் பசி தாங்க முடியாமல் கிடந்தபோது, தொழுநோய் பிடித்த ஒரு கிழவர் கையில் கொஞ்சம் உணவோடு வந்தாராம். இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்களாம். பாம்பும் புலியும் காவல் இருந்ததாகச் சொல்லும் கதைகளும் உண்டு. ஆனால் எனக்கு இந்தக் கிழவர் போதும். ஊரே ஒதுக்கிய ஒருவரின் விரல்கள் தொட்ட உணவை வாங்கித் தின்ற பிறகு, எந்தக் கைத் தண்ணீர் யாருக்குத் தீட்டு என்ற கணக்கு மனதில் எப்படி நிற்கும்?

மலைக்குக் கீழே, கொஞ்ச தூரத்தில்தான் சாமிதோப்பு. நாணு பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1851இல் மறைந்த அய்யா வைகுண்டர், எல்லாரும் சேர்ந்து குளிக்கவும் குடிக்கவும் முத்திரிக் கிணறு வெட்டி, சேர்ந்து உண்ணவைத்த மண். இந்த வட்டாரத்தில் சமத்துவம் என்பது புத்தகத்தில் பிறந்ததில்லை. கிணற்றங்கரையிலும் இலைக்கு முன்னாலும் பிறந்தது.

நாணு மலையை விட்டு இறங்கினார். குகையிலேயே உட்கார்ந்திருந்தால் இன்று நமக்கு இன்னொரு சித்தர் சமாதி கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அவர் வந்து தங்கியது செம்பழந்தி வீட்டில் அல்ல. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில், நெய்யாறு பாறைகளுக்கு நடுவே சத்தம் போட்டுக்கொண்டு ஓடும் அருவிப்புறத்தில். சட்டம்பி சுவாமிகளோடு முன்பு நடந்து திரிந்த ஆற்றோரம் அது என்பார்கள். முதல் சீடராக வந்து சேர்ந்த சிவலிங்கதாசர் அந்தப் பக்கத்து நாயர் குடும்பத்துப் பிள்ளை. கொஞ்சம் கொஞ்சமாக ஊர் ஜனம் கூடியது. நோயென்று வந்தவர்களுக்கு மாமா சொல்லித்தந்த வைத்தியம் பார்த்தார்.

1888 சிவராத்திரி. ஆற்றோரப் பாறை ஒன்றுதான் பீடம், மேலே பந்தல், சுற்றிலும் விளக்கு. நள்ளிரவில் நாணு ஆசான் ஆற்றில் இறங்கினார். சங்கரன்குழி என்று சொல்லும் ஆழத்தில் முங்கி, ஒரு கல்லை எடுத்துக்கொண்டு ஏறினார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீண்ட நேரம் அசையாமல் நின்றார், கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னதாக வரலாறு. பிறகு அதைப் பாறைமேல் வைத்தார். கோயிலுக்குள்ளேயே நுழையக்கூடாதவர் கோயிலையே உண்டாக்கிவிட்டார். பிரதிஷ்டை செய்ய என்ன உரிமை என்று கேட்டு வந்த மேல்சாதியாருக்கு, நான் வைத்தது எங்கள் ஈழவச் சிவனைத்தானே என்கிற பொருளில் அவர் சொன்ன பதில் கேரளத்தில் குழந்தைக்கும் தெரியும். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லாரும் உடன்பிறந்தாராக வாழும் முன்மாதிரி இடம் இது என்று அங்கே எழுதிவைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு கூட நிறையவில்லை.

அதன் பிறகு நடந்ததை வாசகர்களில் பலர் அறிவார்கள். நான் சொல்ல விரும்புவது ஒரு சின்ன விஷயம். அருவிப்புறம் கோயிலை நடத்த உண்டான சபையின் பெயர் வாவூட்டு யோகம். வாவு என்றால் அமாவாசை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம், ஆடி வாவுக்குக் கடலில் முங்கி எழுபவர்கள் நாங்கள். அமாவாசைக்கு அமாவாசை ஊட்டுவதற்காக, அதாவது சோறு போடுவதற்காகச் சேர்ந்த கூட்டம் வாவூட்டு யோகம். அதுதான் டாக்டர் பல்புவின் முயற்சியில் வளர்ந்து 1903 மே 15இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் ஆனது. குருவின் சீடர் குமாரன் ஆசான் முதல் செயலாளர். பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், நெசவுச் சாலைகள், வைக்கம் சத்தியாகிரகத்துக்குக் குருவின் ஆதரவு, 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை நீளும் கயிற்றின் ஒரு முனை அந்தச் சோற்றுப் பந்தியில் இருக்கிறது. 1917இல் செறாயியில் குருவின் சீடர் சகோதரன் அய்யப்பன் புலையரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதற்காக ஊர் அவரைத் தூற்றியபோது, குரு அவர் பக்கம் நின்றார்.

தைக்காட்டில் பார்த்த இலை, மலையில் கிழவர் நீட்டிய கை, அருவிப்புறத்து வாவூட்டு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் நாராயண குருவின் தவத்தைப் பேசினால் அது பாதிக் கதைதான். மலையில் அவர் கண்டது என்ன என்பதை, இறங்கி வந்து யாரோடு உட்கார்ந்தார் என்பதை வைத்துத்தான் நாம் அறிய முடியும்.

நான் அன்று மலையில் இருந்து இறங்கி, மாலையிலேயே தம்பானூர் திரும்பிவிட்டேன். நிலையத்தில் என் நண்பர்கள் மூன்று பேர் காத்திருந்தார்கள். அறையில் நான் இல்லாததைக் கண்டு தேடிக் கிளம்பியவர்கள். யாரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று ஒருவன் கேட்டான். அன்றிரவு சாலைக் கடைத்தெருவில் நான்கு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தோசை தின்றோம். அது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

சட்டம்பி சுவாமிகள் 1924 மே 5இல், கொல்லம் பக்கத்துப் பன்மனையில் சமாதி அடைந்தார். இளமையில் கூட நடந்த நண்பருக்காக நாராயண குரு இரங்கற்பா எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1928 செப்டம்பர் 20இல் வர்க்கலை சிவகிரியில் அவரும் மறைந்தார்.

தனியாகக் கிளம்பும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. மருந்துவாழ்மலை ஏறப் போகிறவர்கள் வெயில் ஏறும் முன்பு அடிவாரத்தில் இருங்கள், தண்ணீர் தாராளமாகக் கொண்டுபோங்கள், குரங்குகளுக்குத் தின்பண்டத்தைக் காட்டாதீர்கள். பிள்ளைத்தடத்தில் வேண்டிய மட்டும் உட்காருங்கள். ஆனால் திரும்பும் வழியில் களியக்காவிளை தாண்டி, பாறசாலை தாண்டி நெய்யாற்றின்கரை வரும். அங்கே இறங்கி அருவிப்புறம் போய், ஆற்றையும் அந்தப் பாறையையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.