விருந்தில் அறம், வாடகையில் துயரம்
உணவகத்தில் நாம் கட்டும் பணம் ஒரு நோயாளிக்கு உதவுமா? உதவும். 1991-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ‘டைனிங் அவுட் ஃபார் லைஃப்’ என்னும் நற்பணி விருந்து தொடங்கியது. குறித்த நாளில் உணவகங்கள் தங்கள் வசூலில் ஒரு பங்கை எய்ட்ஸ் நோயாளிகளைப் பேணும் அமைப்புக்கு வழங்கின. வழக்கம்போல் சாப்பிட்டாலே போதும், அது அறமாகிவிடும். பின்னர் இத்திட்டம் வேறு பல நகரங்களுக்கும் பரவியது.

அதே ஆண்டில், அந்நகரின் ஓல்ட் சிட்டி வட்டாரத்தில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலையில் கலைக்கூடங்களைத் திறந்துவைக்கும் வழக்கம் உருவானது. பழைய கிடங்குகளில் குறைந்த வாடகைக்குக் குடியேறியவர்கள் கலைஞர்கள். அவர்களால் கூட்டம் வந்தது, கூட்டத்தை நம்பி உணவகங்கள் வந்தன, வாடகை ஏறியது. கலைஞர்கள் பலர் வடக்கே கென்சிங்டன் பக்கம் நகர்ந்தனர்.

ஒரு நாள் வசூலைக் கொண்டு நோயாளிக்கு உதவிவிடலாம். கலைஞரைத் தக்கவைக்கவோ, ஆண்டு முழுதும் கட்டுப்படியாகும் வாடகை வேண்டும்.