அப்பா எல்லையில், தீபாவளி வீட்டில்!

தீபாவளி. பொழுது இன்னும் விடியவில்லை. காஞ்சிபுரம் மாவட்டம், ஏனாத்தூர். இரவு பெய்த மழையில் தெரு நனைந்து கிடக்கிறது. எங்கோ முதல் சரவெடி வெடிக்கிறது.

ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது. அண்டாவில் வெந்நீர் கொதிக்கிறது. ஆயா நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வருகிறாள். ஆறு வயதுப் பெண் மணையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வயதுப் பையன் மட்டும் உட்கார மறுக்கிறான்.

"அம்மா, அப்பா எப்பம்மா வருவாரு?"

தாய் பதில் சொல்லவில்லை. குனிந்து வெந்நீரை விளாவுகிறாள்.

இந்த வீட்டுக்குப் பெயர் வேண்டாம். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய எந்த வீடாகவும் இது இருக்கலாம். தீபாவளியானாலும், பொங்கலானாலும், கிறிஸ்துமஸ் ஆனாலும், ரம்ஜான் ஆனாலும் அந்த வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. பள்ளிக்கூட நாட்களிலாவது பாடம், பையன்கள், விளையாட்டு என்று பொழுது போய்விடுகிறது. காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, மே மாத லீவு வந்தால் போதும். அடுத்த வீட்டு அப்பா தம் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போவதைக் குழந்தை நாள் முழுதும் பார்க்கிறது. பார்த்துவிட்டு வந்து தாயைக் கேட்கிறது.

அந்தத் தாய் என்ன சொல்வாள்? என்ன செய்வாள்?

ஏன் வர முடியவில்லை?

ராணுவத்தில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று அமைதிப் பகுதி. அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்தால் மனைவி மக்களுடன் வசிக்கலாம். மற்றொன்று களப் பகுதி. அதாவது எல்லையும் எல்லையை ஒட்டிய இடங்களும். அங்கே குடும்பத்துக்கு அனுமதி இல்லை. ஒரு வீரர் அமைதிப் பகுதியில் சில ஆண்டு, களப் பகுதியில் சில ஆண்டு என்று மாறி மாறி வேலை செய்ய வேண்டும்.

களப் பகுதிக்குப் போகிறவரின் குடும்பம் சில ராணுவ நகரங்களில் தனிக் குவார்ட்டர்ஸ் பெற்றுத் தங்க வழி உண்டு. ஆனாலும் பலர் பிறந்த ஊருக்கோ புகுந்த ஊருக்கோ வந்துவிடுகிறார்கள். மாமியார், மாமனார், நிலம், மாடு எல்லாம் இங்கேதானே இருக்கின்றன!

களப் பகுதி என்றால் சாதாரண இடமா? சியாச்சின் பனிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 முதல் நம் வீரர்கள் அங்கே காவல் இருக்கிறார்கள். ஏனாத்தூர்க் குழந்தை மார்கழிக் குளிருக்கே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. அங்கேயோ தண்ணீர் வேண்டுமானால் பனிக்கட்டியை உருக்க வேண்டும்.

லீவு இல்லாமல் இல்லை. ஒரு சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு உண்டு. 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் எல்லையை யார் காப்பது? முறை வைத்துத்தான் அனுப்புவார்கள். ஒருவர் தீபாவளிக்கு வந்தால் இன்னொருவர் பொங்கலுக்கு. பொங்கலும் கிடைக்காதவர் சித்திரையில்.

தேதியைச் சொல்லலாமா?

குழந்தையைச் சமாதானம் செய்ய, "பத்து நாளில் அப்பா வந்துவிடுவார்" என்று சொல்லத் தோன்றும். தாய்மார்களே, அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்!

லீவு மேலிருந்து கிடைக்கும். பனி விழுந்து கணவாய்ப் பாதை மூடிக்கொண்டால் கீழே இறங்க முடியாது. கிடைத்த லீவும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. 2025 மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' நடந்தபோது, லீவில் ஊர் வந்திருந்த வீரர்கள் பலர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அது மே மாத லீவுக் காலம்! அப்பாவோடு எங்கெங்கோ போகக் காத்திருந்த குழந்தைகள், அவர் பெட்டியைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சொன்ன தேதி தவறினால் குழந்தை யாரை நம்பும்? முதல் முறை அழும். இரண்டாம் முறை கோபப்படும். மூன்றாம் முறை கேட்பதையே நிறுத்திவிடும். அழுகிற குழந்தையைத் தேற்றலாம். கேட்பதை நிறுத்திய குழந்தையைத் தேற்றுவது கடினம்.

அப்படியானால் எப்படிச் சொல்வது? உண்மையைச் சிறியதாக்கிச் சொல்ல வேண்டும். "அப்பா வேலையில் இருக்கிறார். பெரிய ஆபீசர் லீவு கொடுத்ததும் ரயில் ஏறுவார். ஏறியதும் நமக்குப் போன் செய்வார். அன்று உனக்குத்தான் முதலில் சொல்வேன்." இவ்வளவு போதும். ரயில் கிளம்பிய பிறகு நாள் எண்ணலாம். இரண்டு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, தூங்கி எழுந்ததும் ஒன்றைத் தூக்கிப் போடச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் கணக்குப் புரிந்துவிடும்.

இது நம் நாட்டுக் கவலை மட்டும் அல்ல. 2006-இல் அமெரிக்காவில் 'சீசேம் ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காரர்கள், வீரர்களின் பிள்ளைகளுக்காகவே ஒரு படம் எடுத்தார்கள். எல்மோ என்ற பொம்மைப் பிள்ளையின் அப்பா நெடுநாள் வெளியே போகிறார். பிள்ளை தவிக்கிறது. அந்தப் பொம்மை கேட்ட கேள்வியும் ஏனாத்தூர்க் குழந்தை கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்.

ஊர் பெயர் இல்லாத விலாசம்

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று கடல் கடந்து போனார்கள். ஊரில் இருந்த மனைவிக்கு ஒரே துணை தபால்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அன்று மிகுதி. கணவன் கடிதத்தை வேறு ஒருவர்தான் படித்துக் காட்ட வேண்டும். பதிலும் அவர்தான் எழுத வேண்டும். அந்நிய மனிதரிடம் மனத்தில் உள்ளதை எப்படிச் சொல்வது? "இங்கு எல்லோரும் நலம்" என்பதோடு கடிதம் முடிந்துவிடும்.

இன்று அந்தக் குறை இல்லை. தானே எழுதலாம். தானே படிக்கலாம். செல்போனில் முகம் பார்த்தும் பேசலாம்.

வீரர்களின் போன் செலவும் குறைந்திருக்கிறது. கோபுரம் இல்லாத இடங்களில் சாட்டிலைட் போன்தான் கதி. அதில் பேச நிமிடத்துக்கு 5 ரூபாய் வாங்கினார்கள். 2017 தீபாவளியின்போது அதை 1 ரூபாய் ஆக்கினார்கள். மாதம் 500 ரூபாய்க் கட்டணத்தையும் நீக்கினார்கள். 2023-இல் சியாச்சினிலேயே 15,500 அடிக்கு மேல் பி.எஸ்.என்.எல். கோபுரம் நின்றது!

ஆனாலும் எல்லாக் காவல் சாவடியிலும் போன் எடுக்காது. எடுத்தாலும் நினைத்த நேரத்தில் பேச முடியாது. தபால் மட்டும் எப்படியும் போய்ச் சேரும். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, பிறகு '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று எழுதினால் போதும். ஊர் பெயரே கிடையாது. 56 என்றால் டெல்லி வழியாகப் போகும். 99 என்றால் கல்கத்தா வழியாகப் போகும். படை எங்கே இருக்கிறது என்பது பகைவருக்குத் தெரியக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே அப்பா எந்த இடத்தில் இருக்கிறார், எந்த ரயிலில் வருகிறார் என்பதை வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போட்டுவிடக் கூடாது.

பெண் ஒரு பக்கம் எழுதட்டும். எழுதத் தெரியாத பையனின் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு கை அனுப்புங்கள். பிள்ளை எவ்வளவு வளர்ந்தான் என்பது தகப்பனுக்குத் தெரிந்துவிடும்.

பண்டிகையைத் தள்ளிப்போட வேண்டாம்

"அவர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சில வீடுகளில் பலகாரமும் செய்வதில்லை. புதுத் துணியும் எடுப்பதில்லை. தாய்க்கு மனம் இல்லை. நியாயம்தான். ஆனால் குழந்தைக்கு என்ன தோன்றும்? "அப்பா போனதால் தீபாவளியும் போய்விட்டது" என்றுதான் தோன்றும். அப்பாவின் வேலை மீதே அதற்கு வெறுப்பு வரும்.

பண்டிகையை நிறுத்தாதீர்கள். அதில் அப்பாவுக்கு ஓர் இடம் கொடுங்கள்.

அவருக்கும் ஒரு சட்டை எடுத்து, மஞ்சள் தடவி, மற்றத் துணிகளோடு விளக்கின் முன் வையுங்கள். பிறகு மடித்துப் பெட்டியில் வைக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். வரும் நாளில் அதை எடுத்துக் கொடுக்கப் போவதும் அந்தக் குழந்தைதான். சில வாரம் கெடாத பலகாரம் செய்து பார்சல் அனுப்புங்கள். முறுக்கு, அதிரசம், பொருள்விளங்காய் உருண்டை எல்லாம் நாள் தாங்கும். ஒரு முறுக்கையாவது பையன் தன் கையால் டப்பாவில் போடட்டும்.

தகப்பன் செய்யும் வேலையைத் தாய் ஒருத்தியே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். சரவெடி கொளுத்தச் சித்தப்பா இருக்கிறார். கரும்பு வாங்கி வரத் தாத்தா இருக்கிறார். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் தீட்ட மாமா வருவார். அவர்களை வாய் விட்டுக் கேளுங்கள்.

"அப்பா வரட்டும், சொல்லுகிறேன்!"

லீவு நாளில் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? மரம் ஏறுவார்கள். மழைத் தண்ணீரில் புரளுவார்கள். தனியாக நின்று சமாளிக்கும் தாய்க்குக் கோபம் வருகிறது. "இரு, அப்பா வரட்டும், சொல்லுகிறேன்!" என்கிறாள்.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பத்து மாதம் இப்படிக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அப்பா என்றால் அடி கொடுப்பவர் என்று ஆகிவிடும். கண்டிக்க வேண்டியதை அன்றே கண்டித்து முடித்துவிடுங்கள்.

செய்தி கேட்பதிலும் கவனம் வேண்டும். எல்லையில் சண்டை என்றால் தொலைக்காட்சி நாள் முழுதும் அதையே காட்டும். பயம் வீண் பயம் என்று யாரும் சொல்ல முடியாது. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த 20 இந்திய வீரர்களில் ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுச் சென்றார். நாடு அவருக்கு வீர் சக்ரா விருது அளித்தது. இது தெரிந்த தாய்க்கு நெஞ்சு படபடக்காமல் இருக்குமா? ஆனால் அந்தப் படபடப்பைக் குழந்தை நாள் முழுதும் பார்க்க வேண்டியதில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, பெரியவர்கள் தனியே செய்தி கேட்டுக்கொள்ளலாம்.

ஊர் என்ன செய்யலாம்?

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். அதை 'ராணுவப்பேட்டை' என்றும் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து பட்டாளத்துக்குப் போகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் தனியாக இல்லை. எதிர்வீட்டுக்காரிக்கும் அதே கவலை. திண்ணையில் இருக்கும் பெரியவரும் பழைய சிப்பாய்.

பட்டாளத்து வீடு ஒன்றோ இரண்டோ உள்ள ஊரில்தான் கஷ்டம் அதிகம். "உனக்கென்ன, மாதம் பிறந்தால் பணம் வருகிறது" என்று பேசுபவர்கள் உண்டு. ரேஷன் கடை வரிசை, நள்ளிரவில் குழந்தைக்கு ஜுரம், ஒழுகும் கூரை, வரப்புத் தகராறு எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்தியே ஓடுவதை அவர்கள் பார்ப்பதில்லை.

மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில் 'முன்னாள்' என்று இருந்தாலும், இன்று பணியில் உள்ள வீரரின் குடும்பமும் அங்கே மனுக் கொடுக்கலாம். ராணுவ வீரர்களின் மனைவியருக்காக 1966 முதல் ஒரு நலச் சங்கமும் நடக்கிறது. டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாள். 1949 முதல் கொண்டாடுகிறோம். உண்டியலில் காசு போட்டுக் கொடி குத்திக்கொள்கிறோம். நல்லதுதான். அன்று மாலை அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "என்னம்மா, ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டால் அதுவும் கொடிநாள்தான்.

வந்தவரைக் கண்டு ஓடும் குழந்தை

கடைசியில் ஒரு நாள் அவர் வருகிறார். கையில் பெட்டி. முகத்தில் வெயில் கறுப்பு. "டேய் கண்ணா!" என்று கையை நீட்டுகிறார். பையன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்!

தகப்பன் மனம் உடைந்து போகிறது. உடைய வேண்டாம். போனில் பார்த்த முகம் இவ்வளவு பெரியது என்று பிள்ளைக்குத் தெரியாது. வலிய இழுத்துத் தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், சில நாளில் தானே மடியில் வந்து ஏறும்.

கணவன் மனைவிக்கும் பழகிக்கொள்ளச் சில நாள் வேண்டும். 1987-இல் கேத்லீன் லோகன் என்ற அமெரிக்கப் பெண்மணி கடற்படை வீரர்களின் மனைவியரைப் பற்றி எழுதினார். கணவன் புறப்படும் முன்பே வீட்டில் பிணக்குத் தொடங்குகிறது; அவன் திரும்பி வந்த பிறகும் இருவரும் ஒத்துப்போகச் சில வாரம் ஆகிறது என்று அவர் சொன்னார். உண்மைதானே! இத்தனை நாள் வீட்டை நடத்தியவள் அவள். வந்த அன்றே, "இதை ஏன் இங்கே வைத்தாய்?" என்று அவர் கேட்டால் அவளுக்கு வலிக்காதா? முதல் வாரம் அவர் விருந்தாளியாக இருக்கட்டும். வீட்டில் என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஏனாத்தூர் வீட்டில் எண்ணெய்க் குளியல் முடிந்துவிட்டது. பையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். விளக்கின் முன் இன்னும் ஒரு சட்டை இருக்கிறது. பெரிய சட்டை. காலரில் மஞ்சள்.

"இது யாருக்கும்மா?"

"அப்பாவுக்குடா. பெட்டியிலே வச்சிடு. வந்ததும் நீதான் எடுத்துக் கொடுக்கணும்."

பையன் இரண்டு கையாலும் சட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறான்.